இன்னொரு சித்திர சபை

ஆனி மாதம் பிறந்து, செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று வீசத் தொடங்கிவிட்டால் தென்காசிக்காரர்களுக்கு ஒரு தனிக் கர்வம் வந்துவிடும். வெளியூர் உறவினர்களுக்கோ நம்மீது திடீரென்று அன்பு பெருகும். அவர்களைப் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் அழைத்துப் போவதும், ஈரத் துணி உலர்த்த இடம் தேடுவதுமாக வீட்டுக்காரனின் பொழுது போய்விடும்.

இவ்வாறு வந்த விருந்தினர் ஒருவரைக் குற்றாலத்துச் சித்திர சபைக்கு அழைத்துச் சென்றேன். நடராஜப் பெருமானுக்குரிய ஐந்து சபைகளில் சிதம்பரத்தில் இருப்பது பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் இரத்தினம். குற்றாலத்திலோ இறைவன் சுவரில் தீட்டிய சித்திரமாகவே நின்று ஆடுகிறான். அந்தச் சந்நிதியில் நின்றபோது எனக்கு ஞாபகம் வந்தது எது தெரியுமா? அபசாரம் என்று நேயர்கள் கோபிக்கக்கூடாது. எங்கள் பேட்டையிலிருந்த பழைய சினிமாக் கொட்டகைதான்!

அதன் பெயர் இப்போது எதற்கு? 1924-இல் தீக்கிரையாகி நெடுங்காலம் சிதைந்து நின்ற காசி விசுவநாதர் கோயில் இராஜகோபுரம், 1990-இல் மீண்டும் எழுந்து நின்றது. அப்போது நான் பள்ளிச் சிறுவன். ஊரில் கோபுரம் உயர உயர, எங்கள் கொட்டகை தாழ்ந்துகொண்டே வந்தது. மேலே துருப்பிடித்த தகரம், கீழே மணல். முன்னால் இருப்பவன் தலை மறைத்தால் மணலைக் குவித்து அதன்மேல் ஏறி உட்காருவோம். பின்னால் இருப்பவன் அதைவிடப் பெரிய குன்று ஒன்றை எழுப்புவான். 1979-இல் தூத்துக்குடியில் டூரிங் கொட்டகை ஒன்று தீப்பற்றிப் பலர் மாண்டதை என் தாயார் மறக்கவேயில்லை. வாசலுக்குப் பக்கத்தில்தான் உட்கார வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பான உத்தரவு.

சாரல் காலத்தில் அங்கே படம் பார்ப்பது ஒரு தனி அநுபவம். 1964-இல் வெளிவந்த 'கர்ணன்' படத்தை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான். திரையிலே கர்ணன் பொன்னை வாரி வழங்கினான். கூரை தண்ணீரை வாரி வழங்கிற்று. தகரத்தின்மீது மழை கொட்டிய முழக்கத்தில், குருக்ஷேத்திரத்துப் போர் முரசு ஒன்றும் காதில் விழவில்லை.

அக்காலத்துப் படச்சுருள் விநாடிக்கு 24 படங்கள் வீதம், நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். மூன்று மணி நேரப் படம் என்றால் சுமார் 16,000 அடி. அறுந்த இடத்தை வெட்டி ஒட்டும்போதெல்லாம் சில படங்கள் குறைந்துபோகும். ஊர் ஊராக ஓடித் தேய்ந்து எங்களிடம் வரும்போது, கதாநாயகன் வாளை உருவுவான். மறுகணம் வில்லன் கீழே கிடப்பான். சண்டை எந்த ஊரில் நடந்து முடிந்ததோ!

படம் அறுந்ததும் நாங்கள் போட்ட கூச்சலை நினைத்தால் இன்று வெட்கமாக இருக்கிறது. ஆபரேட்டர் அண்ணாச்சியை அவருடைய ஏழு தலைமுறையோடு சேர்த்துத் திட்டுவோம். ஒரு நாள் அவருக்குக் காப்பி கொண்டுபோகும் பையனோடு அந்த அறைக்குள் நுழைந்தேன். இரண்டு கரிக்குச்சிகளின் முனைகளுக்கிடையே, கண்ணால் பார்க்க முடியாதபடி ஒளி எரிந்துகொண்டிருந்தது. குச்சிகள் எரிந்து குறையக் குறைய அவற்றை நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சிறிது தவறினாலும் திரை மங்கிவிடும். அந்தச் சூட்டிலும் புகையிலும் அவர் பனியனோடு நின்றார். நாங்கள் பார்த்த ராஜாக்களும் ராணிகளும் அவருடைய வியர்வையில் நடமாடியவர்கள் என்பது அன்று எனக்குத் தெரிந்தது. இருந்தும் மறுவாரம் படம் அறுந்தபோது நானும் சேர்ந்துதான் கத்தினேன்.

பிறகு வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்தது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் படச்சுருளே மறைந்து, டிஜிட்டல் முறை வந்தது. 'கர்ணன்' கூட 2012-இல் புது மெருகோடு அந்த முறையில் திரும்பி வந்தான். அவனை வரவேற்க எங்கள் கொட்டகை இல்லை. அண்ணாச்சிக்குத் தெரிந்த தொழிலும் இல்லை.

சில வருஷங்களுக்கு முன் அவரைக் கடைத்தெருவில் கண்டேன். கண் பார்வை மங்கியிருந்தது. நான் இன்னான் என்று சொல்லி, "அண்ணாச்சி, அந்த நாளில் உங்களை ரொம்பத் திட்டியிருக்கிறோம். மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது" என்றேன்.

அவர் சிரித்தார். "அது கெடக்கு, சார்வாள். நீங்க சத்தம் போட்டாத்தானே உள்ளே ஆள் இருக்குன்னு எனக்குத் தெரியும்? கடைசி வருசம் படம் அறுந்தா ஒருத்தரும் சத்தம் போடலை. அப்பதான் எனக்குப் பயம் வந்துது."

சித்திர சபையில் சித்திரம் நிலைத்து நிற்கிறது; பார்க்கிறவர்கள் வந்து போகிறார்கள். எங்கள் சபையிலோ சித்திரம் ஓடிற்று. ஜாதி, தெரு, பணம் எல்லாம் மறந்து மனிதர்கள் ஒரே மணலில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். எரிந்த கோபுரத்தை ஊர் மறுபடியும் எழுப்பிவிட்டது. கொட்டகையை யாரும் எழுப்பப் போவதில்லை. எழுப்ப வேண்டும் என்று நான் வாதாடவும் இல்லை. உங்கள் ஊரிலும் இப்படி ஓர் அண்ணாச்சி இருப்பார். அவரைத் தேடிப் போய் ஒரு காப்பி வாங்கிக் கொடுங்கள். பழைய கடன் அது.