ஏணி முறிந்தால்தான் எழுச்சி

2022 ஜூலை 9. சோளிங்கர் பேருந்து நிலையத்து டீக்கடை டி.வி.யில், கொழும்பு ஜனாதிபதி மாளிகை நீச்சல் குளத்தில் ஜனங்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். ராணிப்பேட்டை தோல் ஷாப்பில் உழைத்து ஓய்ந்த எங்கள் சேரிப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "அங்க ராசாவையே தொரத்திட்டாங்க. நம்மள மிதிக்கிறவன நாம ஏம்பா ஒண்ணும் பண்ண முடியல?" அன்று பதில் தெரியவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

பசி முற்றினால் மக்கள் எழுவார்கள் என்கிறார்கள். பாதி உண்மை. பசி மட்டும் கலகம் செய்யும் என்றால் நம் சேரிகள் எப்போதோ எழுந்திருக்க வேண்டும். துப்பாக்கிப் பயம்தான் தடுக்கிறது என்பதும் பாதிதான். நெடுங்கால ஆட்சி நிற்பது ஏணியின் மேல். ஒவ்வொருவனுக்கும் மிதிக்க ஒருவனைக் கொடுத்துவிட்டால், தன் தலைமேல் இருக்கும் காலை அவன் பார்ப்பதில்லை.

ராஜபக்சே குடும்பம் செய்தது இதைத்தான். 2009 மே மாதத்து முள்ளிவாய்க்காலை வெற்றி என்று சிங்கள ஏழைக்குக் கொடுத்தார்கள். அவன் வயிறு நிறையவில்லை, 'தமிழனுக்கு மேலே நான்' என்ற நினைப்பு நிறைந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் 2017 பிப்ரவரி 20 முதல் கிளிநொச்சித் தெருவில் உட்கார்ந்தார்கள். தென்னிலங்கை திரும்பிப் பார்க்கவில்லை. 2019இல் 52 சதவீத ஓட்டுப் போட்டு கோத்தபயவை உட்கார வைத்தது.

2021இல் ரசாயன உரத்துக்குத் தடை. அடுத்து டாலர் கையிருப்பு காலி. 2022இல் பெட்ரோலுக்கும் கேஸுக்கும் நாள்கணக்கில் வரிசை, 13 மணி நேரம் வரை மின்வெட்டு. ஆட்டோக்காரரும் வக்கீலும் மாணவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். ஏணி முறிந்தது. மார்ச் 31 மிரிஹானவில் கோத்தபய வீட்டு முன் திரண்டார்கள், ஏப்ரல் 9 காலிமுகத்திடலில் கூடாரம் போட்டார்கள். அதே திடலில் மே 18 அன்று முள்ளிவாய்க்கால் கஞ்சி பகிரப்பட்டது. வரிசை ஒன்றானபோதுதான் அடுத்தவன் சாவு கண்ணில் பட்டது. ஜூலை 13 கோத்தபய நாட்டை விட்டு ஓடினார்.

வங்கதேசத்திலும் இதே கதை. ஹசீனா 2009 முதல் 15 ஆண்டுகள் ஆண்டார். 1971 விடுதலைப் போர் வீரர்களின் வாரிசுகளுக்கு அரசு வேலையில் 30 சதவீதம் என்பது அவர் கையில் இருந்த ஏணி. இதை நம் இடஒதுக்கீட்டோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம் தோழர்களே. எதிர்த்த மாணவர்களைத் துரோகிகளின் பேரப்பிள்ளைகள் என்று பொருள்படப் பேசினார். அந்த ஒரு வசவு எல்லோரையும் ஒன்றாக்கியது. 2024 ஆகஸ்ட் 5 அவரும் ஓடினார்.

சரி, சாதி ஏன் ஓடவில்லை? அண்ணல் அம்பேத்கர் சொல்லிவிட்டுப் போனார்: இது படிப்படியான ஏற்றத்தாழ்வு. மிதிபடுகிறவனுக்கும் மிதிக்க ஒரு படி கீழே உண்டு. சாதிக்குத் தனி மாளிகை இல்லை, நாம் போய்க் குதிக்க நீச்சல் குளமும் இல்லை. அது ஊரில் இருக்கிறது. வெட்கத்தோடு சொல்கிறேன், சேரியிலும் கொஞ்சம் இருக்கிறது.

2015 ஜனவரி 31 ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எங்கள் தெருவில் பேச்சு என்ன? "வடக்கத்தியானுங்களாம்பா." அத்தோடு சரி. அதே நாற்றத்தில் நம் அப்பன் பாட்டன் வெந்ததை மறந்துபோனோம். 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு வந்தபோதும், 2024 ஆகஸ்டு 1 உச்ச நீதிமன்றம் உள்ஒதுக்கீடு செல்லும் என்றபோதும், பறையர் தெருவில் முகம் சுளித்தவர்களில் என் சிநேகிதர்களும் உண்டு. ஊர்க்காரன் நம்மைப் பார்த்துச் சுளிக்கும் அதே முகம்.

இன்னொன்றும் மறக்கக் கூடாது. ஜூலை 22 விடியும் முன்பே ராணுவம் காலிமுகத்திடல் கூடாரங்களைப் பிய்த்தெறிந்தது. நாற்காலி மாறியது, கிளிநொச்சித் தாய்மார்களுக்குப் பதில் வரவில்லை. ஆளை விரட்டி ஏணியை விட்டுவைத்தால் வேறொருவன் ஏறி உட்காருவான்.

பெரியவருக்கு என் பதில் இதுதான். ஒரே வரிசை இலங்கைக்குப் பட்டினியால் வந்தது. நமக்கு அது தானாக வராது, நாமே போய் நிற்க வேண்டும். அடுத்த கூட்டத்தை அருந்ததியர் தெருவில் போடுவோம், அங்கேயே சாப்பிடுவோம். ஷாப்புச் சங்கத்தில் வங்காளத்துக்காரன் பெயரையும் எழுதுவோம். நம் காலடியில் இருக்கும் படியை நாமே உடைக்காமல், மேலே இருப்பவனை இறங்கு என்று சொல்ல நமக்கு வாய் ஏது?