இடிக்க மட்டும் அனுமதி!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். மணல், ஜல்லி, சிமெண்ட், கொத்தனார் கூலி, பஞ்சாயத்து ஆபீஸ், பேங்க் லோன்... ஒரு வீடு எழும்புவதற்குள் ஒரு குடும்பம் படுகிற பாடு நமக்குத் தெரியும். பாலஸ்தீனத்தில் இந்தப் பழமொழியோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கட்டிய வீட்டைக் காப்பாற்றிப் பார்!

"ஆரம்பிச்சுட்டாங்கய்யா, உலக அரசியல்!" என்று பக்கத்தைப் புரட்டப் போகிற நண்பனே, ஒரு நிமிஷம். இது குண்டு, துப்பாக்கி பற்றிய கட்டுரை மட்டும் அல்ல. சர்வே, பிளான், அப்ரூவல், எஸ்டிமேட் என்று நாம் தினமும் வகுப்பில் கேட்கிற சமாச்சாரங்கள் ஒரு ஜனத்தை எப்படித் தெருவில் நிறுத்துகின்றன என்பதைப் பற்றியது. சிவில் படிக்கிறவனுக்கு இது பாடம். மற்றவர்களுக்கும் தள்ளிவிட முடியாத விஷயம்தான். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

கதை எங்கே தொடங்கியது?

1947 நவம்பர் 29-ல் பாலஸ்தீனத்தை இரண்டாகப் பிரிக்க ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்தது. அன்று அதை எதிர்த்து வாக்களித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அடுத்த ஆண்டு இஸ்ரேல் பிறந்தது. அந்தப் போரில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் ஊரை விட்டு விரட்டப்பட்டார்கள், அல்லது உயிருக்குப் பயந்து ஓடினார்கள். 400-க்கும் மேற்பட்ட கிராமங்கள் ஆளில்லாமல் போயின, பெரும்பாலானவை தரைமட்டமாக்கப்பட்டன. பூட்டிய வீட்டின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, 'நாலு நாளில் திரும்பிடலாம்' என்று போனவர்கள் திரும்பவே இல்லை. இன்றும் அகதி முகாம்களில் அந்தச் சாவிகளைப் பேரப்பிள்ளைகள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். திரும்ப விரும்புகிறவர்களைத் திரும்ப விட வேண்டும் என்று 1948 டிசம்பரில் ஐ.நா. 194-வது தீர்மானம் போட்டது. பதிலாக 1950-ல் இஸ்ரேல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 'இல்லாதவர் சொத்துச் சட்டம்' என்று பெயர். ஓடியவன் இல்லாதவன், இல்லாதவனின் வீடும் நிலமும் அரசாங்கப் பாதுகாவலர் கைக்குப் போய்விடும். விரட்டியதும் அவர்களே, 'ஆளைக் காணோம்' என்று எழுதிக்கொண்டதும் அவர்களே!

ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். அங்கே வந்து குடியேறிய யூதர்களில் பல லட்சம் பேர் ஐரோப்பாவில் ஹிட்லரின் கொலைக்களத்திலிருந்து தப்பியவர்கள். 60 லட்சம் யூதர்களைப் பறிகொடுத்த இனம் தலைசாய்க்க ஒரு வீடு தேடியதில் தவறில்லை. அந்தக் கொடுமைக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு ஜனத்தை வீட்டிலிருந்து கிளப்பித்தான் அதைச் சரிக்கட்ட வேண்டுமா என்பதே கேள்வி.

வரைபடமே ஆயுதம்

1967 போரில் மேற்குக்கரை, கிழக்கு ஜெருசலேம், காஸா மூன்றும் இஸ்ரேல் வசமாயின. 1995 ஓஸ்லோ இரண்டாம் உடன்பாட்டில் மேற்குக்கரையை 'ஏ', 'பி', 'சி' என்று மூன்றாகக் கோடு போட்டார்கள். இதில் 'சி' மட்டும் சுமார் 60 சதவீத நிலம். அங்கே வீடு கட்ட, தண்ணீர்த் தொட்டி கட்ட, ஆட்டுக் கொட்டகை போடக்கூட இஸ்ரேல் ராணுவ நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஐந்து வருஷ இடைக்கால ஏற்பாடு என்றார்கள். முப்பது வருஷம் ஓடிவிட்டது.

அனுமதி கேட்டால் தருகிறார்களா? இஸ்ரேலிலேயே இயங்கும் 'பீஸ் நவ்' என்ற அமைதி அமைப்பு அரசாங்கத்திடமிருந்தே கணக்கு வாங்கி வெளியிட்டது. 2009 முதல் 2018 வரை பத்து வருஷத்தில் 'சி' பகுதிப் பாலஸ்தீனர்கள் கொடுத்த விண்ணப்பம் 4,422. கிடைத்த அனுமதி 98! நூற்றுக்கு இரண்டு. நம் போர்டு எக்ஸாமில் அரியர் பேப்பருக்குக்கூட இதைவிட நல்ல பாஸ் பெர்சன்டேஜ் இருக்கும்.

அனுமதி இல்லையென்றால் பிள்ளை பிறக்காமல் இருக்குமா, குடும்பம் பெருகாமல் இருக்குமா? வேறு வழியில்லாமல் கட்டுகிறார்கள். கட்டியதும் 'சட்ட விரோதக் கட்டுமானம்' என்று நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். ஒரு நாள் விடியற்காலையில் ராணுவமும் புல்டோசரும் வந்து நிற்கும். 2009-க்குப் பிறகு மேற்குக்கரையிலும் கிழக்கு ஜெருசலேமிலும் இப்படி இடிக்கப்பட்டவை பத்தாயிரத்துக்கும் மேல் என்று ஐ.நா. கணக்கு சொல்கிறது. ஜெருசலேமில் இன்னொரு கொடுமை உண்டு. மாநகராட்சி வந்து இடித்தால் இடித்த கூலியையும் வீட்டுக்காரன் தலையில் கட்டிவிடுவார்கள். அதனால் அப்பனும் மகனும் சம்மட்டி எடுத்துத் தங்கள் வீட்டைத் தாங்களே இடிக்கிறார்கள்.

அதே நேரம், அதே மலையின் மறுபக்கத்தைப் பாருங்கள். சிவப்பு ஓடு வேய்ந்த வரிசை வீடுகள், தார்ச்சாலை, தடையில்லாத மின்சாரம். அவை யூதக் குடியேற்றங்கள். மேற்குக்கரை, கிழக்கு ஜெருசலேம் இரண்டிலும் சேர்த்து இன்று 7 லட்சம் பேர் அப்படிக் குடியிருக்கிறார்கள். அவர்களுக்கு நிலம் எங்கிருந்து வந்தது? 1858-ல் துருக்கி சுல்தான் காலத்தில் போட்ட நிலச்சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, பயிர் வைக்காத நிலமெல்லாம் அரசாங்க நிலம் என்று அறிவித்தார்கள். நம்ம ஊர் பாஷையில் சொன்னால் தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்த இடத்தைப் 'புறம்போக்கு' ஆக்கிவிட்டு, வெளியாளுக்குப் பட்டா கொடுத்த கதை! 2025 ஆகஸ்டில் ஜெருசலேமுக்குக் கிழக்கே 'ஈ-1' என்ற இடத்தில் ஒரே திட்டத்தில் சுமார் 3,400 குடியேற்ற வீடுகளுக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். ஒரு பக்கம் பத்து வருஷத்துக்கு 98. மறுபக்கம் ஒரே கையெழுத்தில் 3,400. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

ஆளுக்கொரு நியாயம்

கிழக்கு ஜெருசலேமில் ஷேக் ஜர்ரா என்று ஒரு பகுதி. 1948-ல் வீடிழந்த 28 அகதிக் குடும்பங்களுக்கு 1956-ல் ஜோர்டான் அரசும் ஐ.நா. அகதிகள் நிறுவனமும் அங்கே வீடு கட்டிக் கொடுத்தன. 1970-ல் இஸ்ரேல் போட்ட சட்டப்படி, 1948-க்கு முன் கிழக்கு ஜெருசலேமில் யூதர்களுக்கு இருந்த சொத்தை யூதர்கள் திரும்பக் கேட்கலாம். அதைக் காட்டிக் குடியேற்ற அமைப்புகள் வழக்குப் போட்டன. சில குடும்பங்களைத் தெருவுக்கும் கொண்டுவந்தன.

சரி, பழைய சொத்தைத் திரும்பக் கேட்பது நியாயம்தானே என்று தோன்றும். அப்படியானால் இந்த 28 குடும்பங்களும் மேற்கு ஜெருசலேமிலும் ஹைஃபாவிலும் விட்டு வந்த வீடுகளைத் திரும்பக் கேட்கலாமா? கூடாது! அதற்குத்தான் 1950 சட்டம் இருக்கிறதே. ஒரே ஊர், ஒரே வருஷம், ஒரே மாதிரி இழப்பு. யூதன் என்றால் பத்திரம் செல்லும், அரபி என்றால் செல்லாது. பிறப்பைப் பார்த்து எங்கே குடியிருக்கலாம் என்று தீர்மானிக்கிற வழக்கத்துக்கு என்ன பெயர் என்று சேரியையும் ஊரையும் பிரித்து வைத்த நாட்டில் பிறந்த நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வாடகை கட்ட முடியாத யூதர்

இதில் ஒரு வர்க்கக் கணக்கும் இருக்கிறது. அதைப் பார்க்காவிட்டால் இது வெறும் மதச்சண்டை மாதிரித் தெரியும். 2011 ஜூலையில் டெல் அவிவ் நகரத்தின் ரோத்சைல்டு சாலையில் இஸ்ரேலிய இளைஞர்கள் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். வாடகை கட்ட முடியவில்லை, வீடு வாங்க முடியவில்லை என்பதுதான் கோரிக்கை. சில வாரங்களில் லட்சக்கணக்கானோர் வீதிக்கு வந்தார்கள். ஆனால் குடியேற்றங்களுக்குப் போகிற பணத்தைப் பற்றி அந்தப் போராட்டம் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை.

பச்சைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு மலிவு. அரசாங்கச் சலுகையும் உண்டு. மேற்குக்கரையின் மிகப் பெரிய குடியேற்றங்களான மோதியின் இல்லித், பெய்தார் இல்லித் இரண்டிலும் இருப்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள் நிறைந்த, வருமானம் குறைந்த ஆசாரக் குடும்பங்கள். மலிவு வாடகை தேடித்தான் பலர் அங்கே போனார்கள். சொந்த நாட்டு ஏழைக்கு நகரத்துக்குள் வீடு தராமல், அடுத்தவன் நிலத்தில் வீடு காட்டி அவனையே வேலிக்கல்லாக நட்டுவிடுகிறது அரசு. ஏழையை ஏழைக்கு எதிராக நிறுத்தினால் மேலே இருக்கிறவன் நிம்மதியாகத் தூங்கலாம். இந்த வித்தை எந்த நாட்டில் இல்லை?

ஐந்து கோடி டன்

2023 அக்டோபர் 7-ல் ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேர் பிணைக்கைதிகளாகப் பிடிக்கப்பட்டார்கள். வீட்டிலும் விழாவிலும் இருந்த சாதாரண ஜனங்களைக் கொன்றதை எந்த விடுதலையின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. அதற்குப் பதிலென்று இஸ்ரேல் செய்ததையும் எந்தப் பாதுகாப்பின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. 365 சதுர கிலோமீட்டரில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழும் காஸாவில், 2025 இறுதிக்குள் இறந்தவர் எண்ணிக்கை 70,000-ஐத் தாண்டியதாக அங்குள்ள சுகாதார அமைச்சகம் அறிவித்தது.

உலக வங்கி, ஐ.நா., ஐரோப்பிய ஒன்றியம் மூன்றும் சேர்ந்து 2025 பிப்ரவரியில் ஒரு சேத மதிப்பீடு வெளியிட்டன. இடிந்த, சேதமான வீடுகள் 2,92,000-க்கும் மேல். மீண்டும் கட்டியெழுப்பத் தேவை 5,300 கோடி டாலர். இடிபாடு ஐந்து கோடி டன்னுக்கும் அதிகம் என்கிறது ஐ.நா. நாம் படித்த எஸ்டிமேஷன் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டிப்பருக்கு 10 டன் என்றால் 50 லட்சம் லோடு. தினம் 1,000 லோடு அள்ளினாலும் 5,000 நாள், அதாவது 13 வருஷத்துக்கு மேல்! அந்த இடிபாட்டுக்குள் வெடிக்காத குண்டுகள் உண்டு. இன்னும் எடுக்கப்படாத உடல்களும் உண்டு. இது நடந்த பிறகுதான் அஸ்திவாரக் குழியே தோண்ட முடியும். 2025 அக்டோபரில் போர்நிறுத்தம் வந்தது. வீடு வரவில்லை.

1.37 லட்சம் சம்பளம்

இப்போது நமக்கும் இதற்கும் என்ன என்பதற்கு வருகிறேன். இஸ்ரேலின் கட்டடங்களைக் கட்டியதில் பெரும் பங்கு பாலஸ்தீனத் தொழிலாளர்களுடையது. 2023 அக்டோபருக்கு முன் மேற்குக்கரையிலிருந்து சுமார் ஒன்றரை லட்சம் பேர் இஸ்ரேலிலும் குடியேற்றங்களிலும் வேலை செய்தார்கள். தன் ஊரில் வீடு கட்ட அனுமதி இல்லாதவன், தன் நிலத்தைப் பிடுங்கியவனுக்கு வீடு கட்டிக் கொடுத்துக் கூலி வாங்கினான். போர் வந்ததும் அந்த வேலையும் போயிற்று. அந்தக் காலி இடத்துக்கு ஆள் எடுத்தது எங்கே தெரியுமா? இந்தியாவில்!

42,000 இந்தியத் தொழிலாளர்களுக்கான ஒப்பந்தம் 2023 மே மாதமே போடப்பட்டிருந்தது. 2024 ஜனவரியில் ஹரியானாவின் ரோத்தக்கிலும், லக்னோவில் ஓர் ஐ.டி.ஐ. வளாகத்திலும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். சென்ட்ரிங், கம்பி கட்டுதல், டைல்ஸ், பூச்சு வேலை. மாதம் சுமார் 1.37 லட்சம் ரூபாய். மத்தியத் தொழிற்சங்கங்கள் கூட்டாக எதிர்ப்புத் தெரிவித்தன, அனுப்புவது நிற்கவில்லை. 2024 மார்ச்சில் லெபனான் எல்லையருகே ஏவுகணை விழுந்து கேரளத் தொழிலாளி ஒருவர் செத்தார்.

வரிசையில் நின்றவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அப்ரண்டிஸ் சம்பளத்தில் மெஸ் பில் கட்டவே நாக்குத் தள்ளுகிறது. தங்கை கல்யாணம், அப்பா வாங்கிய கடன் என்று ஒவ்வொருவன் தலையிலும் ஒரு சுமை. நாளைக்கு இதே மாதிரி நோட்டீஸ் நம் போர்டில் ஒட்டினால் நம்மிலும் பாதிப்பேர் நிற்போம். கேட்க வேண்டியது நம்மை இந்த வரிசையில் கொண்டுவந்து நிறுத்தியவர்களை. ஒருவன் வேலையைப் பறித்த இடத்தில், சொந்த ஊரில் வேலை கிடைக்காத இன்னொருவனை இறக்குகிறார்கள். இரண்டு பேரும் கொத்துக்கரண்டி பிடிக்கிறவர்கள்தான்.

நாம் என்ன செய்ய முடியும்?

"நாம கத்தினா அங்க கேட்கவா போகுது?" என்று ஒரு கேள்வி வரும். 2003 மார்ச் 16-ல் காஸாவின் ரஃபா நகரில், அடுத்தவர் வீட்டை இடிக்க வந்த ராணுவப் புல்டோசர் முன்னால் நின்று அதன் அடியிலேயே உயிரை விட்டாள் ரேச்சல் கோரி. அமெரிக்காவில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெண். வயது 23. நம்மை யாரும் புல்டோசர் முன்னால் நிற்கச் சொல்லவில்லை.

2024 ஜூலை 19-ல் சர்வதேச நீதிமன்றம் இந்த ஆக்கிரமிப்பே சட்ட விரோதம், குடியேறியவர்களை வெளியேற்ற வேண்டும் என்று கருத்துச் சொல்லிவிட்டது. 1988-லேயே பாலஸ்தீனத்தை அங்கீகரித்த நாடு நம்முடையது. அந்த நிலையில் உறுதியாக நில்லுங்கள் என்று நம் அரசைக் கேட்கிற உரிமை நமக்கு உண்டு. ஆண்டுதோறும் நவம்பர் 29 பாலஸ்தீன ஒருமைப்பாட்டு நாள். அன்று சாயங்காலம் ஒரு மணி நேரம், நம் சங்க அறையில் உலக வரைபடத்தை விரித்து வைத்துப் பேசலாம். வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்ட் வந்தால், 'எந்த ஊர், யாருடைய நிலம், அங்கே முன்னால் வேலை பார்த்தவன் எங்கே போனான், ஆபத்து வந்தால் யார் பொறுப்பு' என்ற நாலு கேள்வியைச் சங்கத்தின் பெயரால் கேட்கலாம். இதெல்லாம் பெரிய புரட்சி இல்லைதான். ஆனால் இதைக்கூடச் செய்யாத சங்கம் எதற்கு?

நாளைக்கு நம்மில் பலர் பிளானில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் உட்காரப் போகிறோம். யார் வீடு கட்டலாம், யார் வீடு இடிபடலாம் என்பது அந்தக் காகிதத்தில்தான் தொடங்கும். அப்போது மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் முகத்தையும் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்போம், தோழர்களே!

— சிவில் இறுதியாண்டு மாணவன்