வாதத்துக்கு என்ன கோடு?

அடி அண்ணாமலைல எந்தப் பாட்டியைக் கேட்டாலும் "வாதம்ப்பா"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிடுவாங்க. ஐசிடி-10ல முடக்குவாதம்னா எம்06, பக்கவாதம்னா ஜி81. ஒண்ணு மூட்டு, இன்னொண்ணு நரம்பு. சித்த மருத்துவத்துலயோ வாதம் மட்டுமே 80 வகை!

2024 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சித்தா, ஆயுர்வேதம், யுனானி நோய்ப்பெயர்களுக்கும் ஐசிடி-11ல தனிப்பகுதி கொடுத்துச்சு. நல்ல விஷயம்தான். ஆனா பொட்டி தட்டுற நம்மாளுங்க உடனே ஒண்ணுக்கு ஒண்ணுன்னு டேபிள் போடக் கிளம்பிடுவோமே, அங்கதான் பயம். மூட்டுவலிக்காரர் ரெக்கார்டுல பக்கவாதம் ஏறிடும். அடுத்த டாக்டர் அதை நம்பி மருந்து எழுதுவார்.

என் கட்சி இதான்: வைத்தியர் எழுதின சொல் அப்படியே இருக்கட்டும். ரெண்டு கோடும் பக்கத்துல நிக்கட்டும். சந்தேகம்னா காலியா விடுங்க, தப்பான கோடுக்கு அது எவ்வளவோ தேவலை.

நீங்க என்ன சொல்றீங்க மக்கா?