ரேங்க் சொல்லாத கணக்கு

இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்



ரேங்க் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கெல்லாம் வயிற்றில் புளியைக் கரைக்கும். பெண்கள் ஸ்குவாஷ் ஆட்டத்தின் உலக ரேங்க் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "கிரிக்கெட்டை விட்டுட்டு இது எதுக்குப்பா?" என்று ஹாஸ்டலில் கேட்டார்கள். காரணம் இருக்கிறது. இந்தப் பட்டியலில் பத்தாவது இடம் வரை ஏறிய இரண்டு பெண்கள் நம்ம சென்னைக்காரர்கள். 2012 டிசம்பரில் தீபிகா பள்ளிக்கல். 2016-ல் ஜோஷ்னா சின்னப்பா. தீபிகாவுக்கு முன்னால் எந்த இந்தியப் பெண்ணும் முதல் பத்துக்குள் வந்ததில்லை.

ஸ்குவாஷ் தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. நாலு சுவருக்குள் இரண்டு பேர் நின்று, ஒரு சின்ன ரப்பர் பந்தை முன்சுவரில் மாறி மாறி அடிக்க வேண்டும். வலை கிடையாது. எதிராளி நமக்குப் பக்கத்திலேயே நிற்பார். அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் பத்து நிமிஷத்தில் நாக்கு தள்ளிவிடும்!

இந்த விளையாட்டில் ஹெதர் மெக்கே என்றொரு ஆஸ்திரேலியப் பெண்மணி இருந்தார். 1962 முதல் 1977 வரை பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தைத் தொடர்ந்து 16 முறை வென்றவர். வாழ்நாளில் தோற்றது இரண்டே இரண்டு ஆட்டம் என்கிறார்கள். அவர் கொடிகட்டிப் பறந்த நாளில் அதிகாரபூர்வமான பெண்கள் தரவரிசையே கிடையாது. அது 1980-களில்தான் வந்தது. ஆக, ரேங்க் கார்டே இல்லாத ஒரு முதல் மாணவி!

பட்டியல் வந்த பிறகு அதில் அதிக காலம் உட்கார்ந்தவர் மலேசியாவின் பினாங்கைச் சேர்ந்த நிகோல் டேவிட். 2006-லிருந்து 2015 வரை, நூறு மாதங்களுக்கு மேல் இடைவிடாமல் நம்பர் 1. உலகப் பட்டம் எட்டு முறை. அவரை இறக்கிய எகிப்தின் ரனீம் எல் வெலிலி, 2020-ல் நம்பர் 1 ஆக இருக்கும்போதே ஓய்வை அறிவித்தார். அதற்கும் ஒரு மனசு வேண்டும்.

சரி, இந்த ரேங்க்கை எப்படிப் போடுகிறார்கள்? கடந்த 12 மாதத்தில் ஆடிய போட்டிகளில் கிடைத்த பாயிண்ட்டுகளைக் கூட்டி, போட்டிகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். நீண்டகாலமாக இருந்துவரும் முறை இது. பெரிய போட்டி என்றால் பாயிண்ட் அதிகம். இதில் ஒரு கொக்கி உண்டு. போட்டிகள் எவ்வளவு குறைவாக ஆடினாலும், ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குக் குறையாமல் வகுப்பார்கள். உதாரணத்துக்கு அந்த எண்ணை 10 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண் நாலு போட்டிக்குத்தான் போக முடிந்தது. போட்டிக்கு 500 வீதம் மொத்தம் 2000 பாயிண்ட் எடுத்தார். பத்தால் வகுத்தால் 200. இன்னொருவர் பத்து போட்டிக்கும் போனார். போட்டிக்கு 300 வீதம் 3000. வகுத்தால் 300. யார் மேலே? 300 காரர்தான்! கணக்கில் தப்பே இல்லை. ஆனால் முதல் பெண் ஏன் நாலோடு நிறுத்தினார் என்று பட்டியல் கேட்காது. விமான டிக்கெட்டுக்குக் காசில்லையா? கேட்காது.

கதை அதோடு முடியவில்லை. ரேங்க் இருந்தால்தான் பெரிய போட்டியில் இடம். பெரிய போட்டியில் ஆடினால்தான் நிறைய பாயிண்ட். பாயிண்ட் இருந்தால்தான் ரேங்க். செட்டப்பா சுத்துது, இல்லையா? முதல் சுற்றுக்கு யாராவது வெளியிலிருந்து தள்ளிவிட வேண்டும். நிகோலுக்கு அப்பாவே விளையாட்டு வீரர். பயிற்சிக்காக ஆம்ஸ்டர்டாமில் போய்த் தங்க அவரால் முடிந்தது. தீபிகாவின் அம்மா சூசன் இட்டிசெரியா இந்தியாவுக்காகக் கிரிக்கெட் ஆடியவர். ஜோஷ்னாவின் அப்பாவும் ஸ்குவாஷ்காரர். இவர்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நம்ம ஊர் கவுன்சலிங்கில் 'முதல் பட்டதாரி' என்று ஒரு சான்றிதழ் கேட்கிறார்களே, உலகத் தரவரிசையில் அப்படி ஒரு கட்டம் கிடையாது. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அதனால்தானோ என்னவோ, எனக்கு அந்தக் கட்டம்தான் முதலில் கண்ணில் படுகிறது.

மரியா தூர்பகாய் வஸீர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பாகிஸ்தானின் தெற்கு வஸிரிஸ்தான் பெண். சிறு வயதில் ஆண் பிள்ளை வேஷத்தில் வளர்ந்தவர். பெஷாவரில் ஸ்குவாஷ் கற்றார். கொலை மிரட்டல் வந்ததும் வெளியே போக முடியாமல், வீட்டு அறைச் சுவரிலேயே ஆண்டுக்கணக்கில் பந்தடித்தார். 2011-ல் கனடா போய்ச் சேர்ந்தார். அவர் எட்டிப் பிடித்தது முதல் ஐம்பதுக்குள் ஓர் இடம், அவ்வளவே. என்னைக் கேட்டால் அந்த இடம் எத்தனையோ முதல் பத்துக்குச் சமம்.

பட்டியலில் ஏறாத வெற்றிகளும் உண்டு. தீபிகாவும் ஜோஷ்னாவும் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் பெண்கள் இரட்டையரில் தங்கம் வாங்கினார்கள். இரட்டைக் குழந்தை பெற்று ஆறு மாதத்தில், 2022 ஏப்ரலில், தீபிகா உலக இரட்டையர் போட்டியில் இரண்டு பட்டம் வென்றார். உலக ரேங்க்கோ ஒற்றையருக்கு மட்டும்தான்! அதே தீபிகா, ஆண்களுக்குச் சமமான பரிசுத்தொகை இல்லை என்று சில ஆண்டுகள் தேசியப் போட்டிக்கே போகாமல் இருந்து, சமமாக்கிய பிறகு 2016-ல்தான் திரும்பினார். ரேங்க் பார்த்து இதெல்லாம் தெரியுமா?

அதற்காக ரேங்க்கையே எடுத்துவிடு என்று நான் சொல்லவில்லை. எடுத்தால் யாரைச் சேர்ப்பது என்பது போட்டி நடத்துகிறவர் இஷ்டமாகிவிடும். அது இதைவிட மோசம். எகிப்தைப் பாருங்கள். கெய்ரோவிலும் அலெக்சாண்டிரியாவிலும் கிளப்புகளில் சாம்பியன்களும் சிறுமிகளும் அடுத்தடுத்த கோர்ட்டில் ஆடுகிறார்கள். பிரமிடு எதிரிலேயே கண்ணாடிக் கோர்ட் போட்டு உலகப் போட்டி நடத்துகிறார்கள். பெரிய போட்டி வாசலுக்கே வந்தால் டிக்கெட் செலவு ஏது? நூர் எல் ஷெர்பினி 2025-ல் தன் எட்டாவது உலகப் பட்டத்தை வென்று நிகோலைத் தொட்டதற்கு அவர் கை வண்ணம் பாதி, இந்த ஏற்பாடு பாதி என்பது என் கருத்து. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதன்முறையாக நுழைகிறது. இனி இந்தியாவிலும் காசு கொட்டுவார்கள். யார் தலையில் கொட்டுவார்கள் என்பதுதான் கேள்வி.

நம்ம கல்லூரி டீமையே எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிப் பயிற்சிக்கு வந்தவர்களைத்தான் மண்டலப் போட்டிக்கு எடுக்கிறார்கள். முதல் பஸ்ஸே ஏழு மணிக்கு என்கிற ஊர்ப் பிள்ளைகள் என்ன செய்வது? வரும் ஆண்டு மாணவர் பேரவை விளையாட்டு நிதியில் அவர்களுக்குப் பஸ் சார்ஜும், சாயங்காலம் இன்னொரு பயிற்சி நேரமும் ஒதுக்க வேண்டும் என்று இந்த மலர் மூலமாகக் கேட்டுக்கொள்கிறேன்.