விஞ்ஞான விளக்கம்: தீ போதாமல் வந்த துத்தநாகம்

பள்ளியிறுதி வகுப்பில் பயிலும் தம் மகனைப் பற்றித் தாயார் ஒருவர் இப்பகுதிக்கு எழுதியுள்ளார். சோதனைச்சாலையில் கொடுத்த வெண்பொடி எவ்வுலோகத்தின் கார்பனேட் என்று கண்டறியப் பணித்தனராம். மகன் துத்தநாகம் என்று எழுதினான். ஆசிரியர் அதனைச் சிவப்பு மையால் அடித்துக் கால்சியம் என்று திருத்திவிட்டார். “நான் சரியாகத்தான் நிறுத்தேன்” என்று பையன் உண்ண மறுக்கின்றானாம். அவன் பாடம் இந்தியில் நடப்பதால், தமக்கு விளங்கத் தமிழில் கூறுமாறு அம்மையார் கேட்கின்றார்.

பையன் சொல்வது மெய்யே. சுடும்போது எடை குறைவது வெளியேறும் வாயுவினால் என்பதை, 1750-களில் ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் என்பவர் தராசைக் கொண்டே நிறுவினார். அந்த வழியைத்தான் இவனும் பின்பற்றியுள்ளான். அவன் இட்டது 2 கிராம். சுட்டபின் நின்றது 1.30. ஆகவே பிரிந்த கரியமில வாயு 0.70 கிராம். இத்தகைய கார்பனேட்டின் ஒரு மூலக்கூறு, 44 எடையுள்ள ஒரு மூலக்கூறு வாயுவை விடும். 0.70 பிரிவதற்கு 2 வேண்டுமாயின், 44 பிரிவதற்கு ஏறத்தாழ 126 வேண்டும். அதில் கார்பனேட் பகுதிக்கு 60 தள்ளினால் எஞ்சுவது 66. துத்தநாகத்தின் அணு எடை 65.4. பையன் வேறென்ன எழுதுவான்?

குறை தராசில் இல்லை, தீயில் உள்ளது. ஊரில் சுண்ணாம்புக் காளவாய் கண்டவர்களுக்கு இது புதிதன்று. கிளிஞ்சலும் கால்சியம் கார்பனேட்டே; சூடு போதாவிடில் உள்ளே வேகாத கரு நிற்கும், தண்ணீர் தெளித்தாலும் அது நீறாகாது. துத்தநாகக் கார்பனேட் 300 டிகிரி அளவிலேயே பிரியும். கால்சியத்திற்கோ 800-க்கு மேல் வேண்டும். நன்கு வெந்திருந்தால் 1.12 கிராமே நின்றிருக்கும். கணக்கும் 100 என்று வந்து, 60 போக, கால்சியத்தின் 40-ஐக் காட்டியிருக்கும்.

ஆகவே சுட்டு, ஆறவைத்து, நிறுத்து, மீண்டும் சுடவேண்டும். இரு நிறுவைகள் ஒத்துவரும்வரை விடலாகாது. பார்சல் அலுவலகத்தில் ஒரே மூட்டையை இருமுறை நிறுத்தால் முணுமுணுப்பார்கள். இங்கே அதுவே முறை. சூடான மூசையை நிறுத்தால் எடை குறைத்துக் காட்டும். திறந்துவைத்து ஆற்றினால் சுட்ட சுண்ணாம்பு ஈரத்தை இழுத்துக் கனக்கும்.

விடையைக் கேட்டறிந்தபின் 1.30-ஐ 1.12 என்று திருத்திக்கொள்ளும் மாணவரும் உண்டு. இவன் அதைச் செய்யவில்லை. அடிப்பதற்கு முன் ஆசிரியர் இன்னும் கால்மணி நேரம் சுடச்சொல்லியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

அடுத்தமுறை மூசை சூடாக இருக்கும்போதே அவன் உற்று நோக்கட்டும். துத்தநாகமாயின் பொடி சூட்டில் மஞ்சளாகி, ஆறியதும் வெளுக்கும். சுண்ணாம்பு அவ்வாறு மஞ்சளாகாது.