பூங்காவுக்குப் பின்னால் ஒரு கோட்டை

ஆடிப்பெருக்கன்று கிணத்துக்கடவுக்காரர்களுக்கு ஆழியாறுதான் பக்கம். ஆனாலும் சில வேன்கள் கட்டுச்சோற்றோடு பவானிசாகர் அணை வரை போய்விடுகின்றன. பவானிக்கரைப் பூங்காவில் ஊஞ்சல், புளிசாதம், வாசலில் மிளகாய் தடவிப் பொரியும் மீன் என்று பொழுது போகிறது. தலைக்கு மேலே, 1955இல் கட்டி முடித்த, ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீள மண்கரை. அதற்கு அப்பால் தண்ணீருக்கடியில் டணாயக்கன் கோட்டை கிடப்பதைப் பலரும் நினைப்பதில்லை. அணை வற்றும் ஆண்டுகளில் கோட்டைக்குள் இருந்த மாதவராயப் பெருமாள் கோயிலின் கல்தூண்கள் சேறு பூசி எழும். செய்தித்தாளில் படம் வரும். கோட்டையைக் காணக் கூட்டம் கூடுவதும் அப்போதுதான், அதாவது பாசனக்காரர் வயிறு எரியும் வேளையில். “தண்ணிக்குள்ள சாமி என்னங்கப்பா பண்ணும்?” என்றாள் ஒரு சிறுமி. அப்பா மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.