பம்பு பட்டறைகள் கூடினால் கிணற்று மேட்டுக்கு லாபம்

போன கோடையில் அன்னூர் பக்கம் ஒரு விவசாயியின் தோட்டத்திற்குப் போயிருந்தேன். ஐந்து குதிரைச் சக்தி நீர்மூழ்கி மோட்டாருக்கு, கைபேசியில் அழைத்தால் ஓடத் தொடங்கும் ஸ்டார்ட்டர் மாட்டியிருந்தார். நடுச்சாமத்தில் டார்ச் விளக்கோடு, பாம்புக்குப் பயந்து வரப்பில் நடக்கும் வேலை ஓர் ஆண்டு இல்லாமல் இருந்தது. பிறகு ஓர் இடிமழையில் உள்ளே இருந்த போர்டு புகைந்துவிட்டது. ஊர் மெக்கானிக் கையை விரித்தார். விற்ற கடையில், "அந்த மாடல் இப்போது வருவதில்லை, புதிதாகத்தான் வாங்க வேண்டும்" என்றார்கள். "பழைய ஸ்டார்ட்டராக இருந்தால் காயில் மாற்றி ஓட்டியிருப்பேன் சார்" என்றார் அவர். மறுபடியும் டார்ச் விளக்குதான்.

கோவையில் பம்பு செய்வோர் எல்லாரும் பெரிய முதலாளிகள் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அப்படி இல்லை. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு வளர்ந்த தொழில் இது. கணபதி, ஆவாரம்பாளையம் பகுதிகளில் ஒருவர் வார்ப்பு வார்ப்பார், இன்னொருவர் கடைசல் பிடிப்பார், வேறொருவர் காயில் சுற்றுவார். பத்து ஆட்களை வைத்து நடத்தும் பட்டறைக்காரரால் கம்ப்யூட்டர் வடிவமைப்பு மென்பொருளும் வாங்கி, மின்னணு இன்ஜினீயருக்குச் சம்பளமும் கொடுக்க முடியுமா?

தனியாக முடியாது, கூடினால் முடியும். இதற்குக் கோவையில் பழைய வழக்கமே உண்டு. ஒன்றோடொன்று போட்டியிட்ட பஞ்சாலைகள் 1956-ல் சிட்ரா என்ற ஆராய்ச்சி நிலையத்தைக் கூட்டாக ஏற்படுத்தின. சிறுதொழில் செய்வோர் 1969-ல் கொடிசியா சங்கம் கண்டார்கள். பம்புகளைச் சோதிக்கச் சிட்டார்க் மையம் இருக்கிறது. ஒரு பம்பு எத்தனை அடி உயரத்திற்கு எவ்வளவு தண்ணீரை, எவ்வளவு மின்சாரத்தில் ஏற்றுகிறது என்பதைக் கருவிகளே அளந்து பதிவு செய்யும் சோதனை மேடையைச் சிறு பட்டறை சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பொது மையத்தில் கட்டணம் கட்டினால் போதும்.

வார்ப்பிலும் இப்படித்தான். உருக்கிய இரும்பு அச்சுக்குள் எப்படிப் பாயும், எங்கே காற்றுப் பொத்தல் விழும் என்பதை ஊற்றுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் பார்த்துவிடலாம். கழிவு வார்ப்பு குறையும். விசிறி சீராக அமைந்தால் அதே மின்சாரத்தில் நம் வாய்க்காலுக்குக் கூடுதல் தண்ணீர் வரும். இத்தகைய பொது வசதி மையங்களுக்கு அரசு மானியமும் உண்டு.

ஆனால் என் கருத்தில் இந்தக் கூட்டு பாதி வழியில் நிற்கிறது. போர்டு விஷயத்தில் ஆளுக்கு ஒரு வழி போகிறார்கள். "பக்கத்துப் பட்டறைக்காரன் என் டிசைனைத் திருடிவிடுவான்" என்று ஒரு தயாரிப்பாளர் என்னிடமே சொன்னார். விசிறியின் வளைவை அவர் ரகசியமாக வைத்துக்கொள்ளட்டும். போர்டின் அளவும், ஒயர் பொருத்தும் முனைகளும் எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? எந்தக் கம்பெனி போர்டையும் எந்தப் பெட்டியிலும் மாட்டலாம். ஊர் மெக்கானிக்கே அரை மணியில் மாற்றிவிடுவார்.

இன்னொன்றும் கேட்கிறேன். மோட்டார் எரிந்தால், எத்தனை சுற்று, எந்தக் கேஜ் கம்பி என்பதைப் பழைய காயிலைப் பிரித்துத்தான் எண்ணுகிறார்கள். எண்ணிக்கை தவறினால் மோட்டார் சூடேறும், சீக்கிரமே மறுபடி எரியும். பெயர்ப் பலகையில் ஒரு கட்டக் குறியீடு பொறித்து, கைபேசியில் காட்டினால் இந்த விவரம் வரும்படி தயாரிப்பாளர்கள் கூடிச் செய்யலாம். தொழில்நுட்பம் கடினமல்ல. மனம்தான் வேண்டும்.

இதைத் தனி விவசாயி கேட்டால் யார் காதிலும் ஏறாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் மூலம் ஐம்பது, நூறு பேருக்கு ஒன்றாக ஸ்டார்ட்டர் வாங்கும்போது நிபந்தனையாகவே வைக்கலாம். அதுவரை, வாங்கப் போகிறவர்கள் போர்டு பழுதானாலும் கையால் ஓட்டும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஊரில் எடுக்கும் சிம் அட்டை அதில் வேலை செய்யுமா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். சில போர்டுகள் பழைய 2ஜி அலையில் மட்டுமே இயங்கும். போர்டு தனியாக எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.